ஒடுக்கு விழுந்த கூஜாவில் எட்வர்ட் ரோஸ்

பழைய பாத்திரக்காரர் தராசில் ஏற்றியே விட்டார். இரண்டு தவலை, ஒரு அண்டா, நான்கடுக்கு டிபன் கேரியர், மூடி தொலைந்த சொம்புகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பித்தளைக் கூஜா. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் வீட்டுப் பரணைக் காலி செய்துகொண்டிருந்தோம். கிலோவுக்கு இவ்வளவு என்று பேசி முடித்து, சித்தப்பா தலையாட்டியும் ஆகிவிட்டது. அப்போதுதான் கூஜாவின் கழுத்தடியில் புள்ளி புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது என் கண்ணில் பட்டது. அப்பத்தாவின் பெயர். அவர் கல்யாணத்துக்கு அவருடைய அண்ணன் வைத்த சீர் அது.

"சித்தப்பா, இதை மட்டும் நான் எடுத்துக்கிறேன்."

"அதை வச்சு என்னம்மா பண்ணப்போற? ஈயம் பூச ஆளே கிடையாது. காப்பி ஊத்துனா களிம்பு ஏறிரும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. துருத்தியும் நவச்சாரமுமாகத் தெருவில் வந்து உட்கார்ந்து, பாத்திரத்தைச் சூடுகாட்டி, உள்ளே வெள்ளி மாதிரி ஈயத்தை இழுத்துக் கொடுத்துவிட்டுப் போவாரே, அவர் வருவது நின்று பல வருடம் ஆகிறது. ஈயம் போன பித்தளையில் சமைக்கவும் முடியாது, காப்பி கொண்டுபோகவும் முடியாது. அதனால்தான் அத்தனை வீடுகளின் பித்தளையும் எடைக்குப் போய் எவர்சில்வராகத் திரும்பி வந்தது. ஆனால் பூவுக்கு ஈயம் வேண்டாம். அதை அன்றைக்கு நான் யோசிக்கவில்லை. பெயர் வெட்டிய பாத்திரத்தை எடைக்குப் போட மனசு வராமல் மதுரைக்குத் தூக்கிவந்தேன், அவ்வளவுதான். எட்டு மாதம் அலமாரியில் வெறும் கூஜாவாகவே இருந்தது.

ஐப்பசியில் ஒருநாள் ராத்திரி பேய்மழை. காலையில் மொட்டைமாடிக்குப் போனால், எட்வர்ட் ரோஸ் செடியில் ஏழெட்டுப் பூ பூத்திருந்த கிளை, தண்ணீர் பாரம் தாங்காமல் முறிந்து தொங்கியது. காம்பு கோணல். ஒரே கொத்தில் விரிந்த பூ, பாதி விரிந்தது, மொட்டு என எல்லாம். வீட்டிலிருந்த கண்ணாடி ஜாடியில் வைத்தேன். பூக்களின் பாரத்தில் ஜாடியே சாய்ந்தது. கைக்கு எட்டியது கூஜா. தண்ணீர் ஊற்றி கிளையை அப்படியே செருகினேன். அசையாமல் நின்றது. நின்றது மட்டுமல்ல, அந்தக் கோணல் காம்பு கூஜாவின் தோளில் சாய்ந்து, ரெண்டு பூ கீழே எட்டிப் பார்க்கிற மாதிரி தொங்கியது. பித்தளையின் மங்கிய மஞ்சளுக்கு முன்னால் அந்த ரோஸ் நிறம் எப்படி இருந்தது என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூ ஜாடி என்று எதையும் காசு கொடுத்து வாங்கவில்லை.

வீட்டில் பூக்கும் ரோஜா ஏன் கடை ஜாடியில் அழகாக உட்காருவதில்லை என்று அப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தேன். கடை ஜாடி கடை ரோஜாவுக்காகச் செய்தது. ஓசூரிலிருந்து வரும் தாஜ்மஹால் ரோஜாவைப் பாருங்கள். முழ நீளக் காம்பு, ஈர்க்குச்சி மாதிரி நேர், எல்லா மொட்டும் ஒரே அளவு, இருபது பூ ஒரு கட்டு. உயரமான கண்ணாடி ஜாடி அதற்குப் பொருத்தம். இன்னொரு பக்கம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். அங்கே பன்னீர் ரோஜா கிலோ கணக்கில் குவிந்திருக்கும். காம்பென்று சொல்ல ஒன்றும் இருக்காது, மாலைக்கும் பூஜைக்கும் போகிற உதிரிப்பூ அது. நமக்கு ரோஜா என்றால் பெரும்பாலும் இந்த ரெண்டில் ஒன்று. மாடியில் தொட்டியில் பூக்கிற ரோஜா ரெண்டிலும் சேராது. அதற்கு நாலு விரல் காம்புதான், சில சமயம் ஒரு சாண். கழுத்து வளைந்திருக்கும், பூ பெரிதாக, கனமாக இருக்கும், காலையில் மொட்டாகப் பார்த்தது மதியம் தட்டையாக விரிந்திருக்கும். அதனால் அதைப் பறித்துத் தலையில் வைப்போம், இல்லை சாமி படத்துக்கு வைப்போம். ஜாடியில் வைக்கத் தோன்றுவதே இல்லை. குறுகின வாய், அகன்ற வயிறு, கனமான அடி, இந்த மூன்றும் உள்ள பாத்திரம் கிடைத்துவிட்டால் அதே பூவுக்கு வேறு உயிர் வந்துவிடுகிறது. அப்படிப்பட்ட பாத்திரங்கள் நம் பரண்களில்தான் இருக்கின்றன.

எட்வர்ட் ரோஸைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாட்டு ரோஜா என்றே நினைத்து வளர்த்துக்கொண்டிருந்தேன். அது வந்த கதை வேறு. இந்தியப் பெருங்கடலில் இன்று ரீயூனியன் என்கிற தீவுக்கு அன்று பூர்பான் என்று பெயர். அங்கே நிலத்துக்கு வேலியாக சீன ரோஜாவையும் டமாஸ்க் ரோஜாவையும் நட்டிருந்தார்கள். ரெண்டும் தாமாகவே கலந்து பிறந்த செடியை அந்தத் தீவுக்காரர்கள் 'ரோஸ் எதுவார்' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் வழிவந்த செடிகள் பிரான்சில் வளர்ந்து, பூர்பான் ரோஜா என்று ஒரு வம்சமே உண்டானது. நம் ஊருக்கு வந்த 'எதுவார்' நம் வாயில் எட்வர்ட் ஆகிவிட்டது. தமிழ்க் குடும்பங்கள் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிப்போன தீவும் அதுதான். மனிதர்கள் இங்கிருந்து அங்கே போனார்கள், அந்தத் தீவின் ரோஜா இங்கே வந்து நம் கிணற்றடியில் நிற்கிறது. நர்சரிகளில் ஒட்டுக்கட்டுவதற்கு அடிச்செடியாகவும் எட்வர்டை வைப்பார்கள். ஆசையாக வாங்கிய ஒட்டு ரோஜா பட்டுப்போய், அடியிலிருந்து வேறொரு ரோஸ் நிறப் பூ கொத்துக்கொத்தாக வருகிறது என்றால் அது அநேகமாக இவர்தான். பிடுங்கிப் போடாதீர்கள். சமவெளி வெயிலில் மணக்க மணக்கப் பூக்கிற ரோஜா அதிகம் இல்லை.

அடுப்படிப் பாத்திரத்தில் பூ வைப்பதைத் தன் தொழிலாகவே செய்த ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார், கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை. 1886இல் பிறந்தவர். லண்டனின் கிழக்குப் பகுதியில் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தலைமையாசிரியராக இருந்துவிட்டு, நாற்பது வயதுக்கு மேல் 1929இல் பூக்கடை வைத்தார். பணக்கார வீடுகளில் கார்னேஷனும் பெரணியும் பளபளக்கிற ஜாடியில் நின்ற காலத்தில், வேலியோரக் கொடி, முட்டைக்கோஸ் இலை, விதைக்காய் என்று எடுத்துவந்து குழம்புக் கிண்ணத்திலும் கேக் சுடும் தகரத்திலும் பழைய சூப் பாத்திரத்திலும் வைத்தார். பாத்திரத்துக்குள் கோழிக்கூண்டுக் கம்பிவலையைக் கசக்கி வைத்துக் காம்புகளை நிறுத்துவார். 1953இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்குப் பூ அலங்காரம் செய்தவரும் அவர்தான். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, எவரும் சீந்தாமல் விட்டிருந்த பழைய காலத்து ரோஜாச் செடிகளை அவர் தேடித்தேடிச் சேர்த்து வளர்த்தது. அவர் 1960இல் காலமானார். அடுத்த வருடம் டேவிட் ஆஸ்டின் என்ற ரோஜா வளர்ப்பாளர் தான் உருவாக்கிய முதல் ரோஜாவை வெளியிட்டபோது அதற்கு கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை என்றே பெயர் வைத்தார். ஒதுக்கிவைத்த பாத்திரமும் ஒதுக்கிவைத்த பூவும் ஒருவர் கண்ணிலேயே சேர்ந்து பட்டது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

சரி, என் பாத்திரங்களுக்கு வருகிறேன்.

கூஜாவுக்கு அடுத்து எனக்குப் பிடித்தது ஈயச்சொம்பு. ரசம் வைக்கிற சொம்புதான். வெள்ளீயம் என்பதால் வெள்ளியைப் போலக் கண்ணைக் கூசாது, மழை வரும்போது வானம் இருக்குமே, அந்த நிறம். ரோஸ், வெளிர் ஊதா, பன்னீர் ரோஜா எதை வைத்தாலும் இந்தச் சாம்பல் நிறம் அதைத் தூக்கிக் கொடுக்கும். 232 டிகிரியில் உருகிவிடுகிற உலோகம் என்பதால் தண்ணீரில்லாமல் அடுப்பில் வைத்தால் சொம்பே குழைந்துபோகும். எங்கள் வீட்டுச் சொம்பு அப்படித்தான் ஒருபக்கம் வாய் நெளிந்து அடுப்படியை விட்டு வெளியே வந்தது. அந்த நெளிந்த பக்கத்தில்தான் பூ தானாகச் சாய்ந்துகொள்ள இடம் கிடைக்கிறது.

படி, உரி, உழக்கு, ஆழாக்கு. லிட்டரும் கிலோவும் வந்து இவற்றுக்கு வேலை இல்லாமல் ஆக்கின. எட்டு ஆழாக்கு ஒரு படி, நடுவில் உழக்கும் உரியும் இரட்டித்து இரட்டித்துப் போகும். அதனால் நாலையும் வரிசையாக வைத்தாலே ஒரு தாளம் வந்துவிடுகிறது. நான் ஆழாக்கில் ஒரே ஒரு மொட்டு, உழக்கில் பாதி விரிந்தது ஒன்று, உரியில் மூன்று, படியில் ஒரு கொத்து என்று வைத்தேன். பொங்கலுக்கு வந்தவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தது அந்த வரிசையைத்தான். நேரடியாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள். இரும்புப் படி துருப்பிடிக்கும், பித்தளைப் படியில் பற்றவைத்த இடத்தில் கசியும். உள்ளே ஒரு டம்ளரோ பழைய ஜாம் பாட்டிலோ இறக்கிவிட்டு அதில் பூவை வையுங்கள். எனாமல் பாத்திரத்துக்கும் இதே கதைதான். செட்டிநாட்டு வீடுகளுக்குக் கப்பலில் வந்த சுவீடன், ஜப்பான் எனாமல் தூக்குகளும் தட்டுகளும் காரைக்குடியில் பழஞ்சாமான் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. எனாமல் தெறித்த இடத்தில் கறுப்பாக இரும்பு தெரியும். தெறிக்காததைவிட தெறித்ததன் விலை குறைவு, எனக்கு அழகும் அதில்தான் கூட. வெள்ளையும் நீலக் கரையுமான தூக்கில் பீச் நிற ரோஜா வைத்துப் பாருங்கள்.

ஊறுகாய் ஜாடியில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். மேலே பழுப்பு, கீழே வெள்ளை, எல்லா வீட்டிலும் இருந்த அந்தப் பீங்கான் ஜாடி. நன்றாகத் தேய்த்துக் கழுவி ஆறு மஞ்சள் ரோஜா வைத்தேன். மறுநாள் காலையில் எல்லாம் கழுத்து ஒடிந்து நின்றன. பக்கத்தில் சொம்பில் இருந்த அதே செடிப் பூ அப்படியே இருக்கிறது. ரெண்டு தடவை இப்படி ஆன பிறகுதான் புத்தியில் பட்டது, உப்பு! முப்பது வருடம் மாவடுவும் எலுமிச்சையும் ஊறின ஜாடி. மெருகில் முடி மாதிரி விரிசல் இருந்தால் உப்பு உள்ளே ஏறிப்போய் உட்கார்ந்திருக்கும், தண்ணீர் ஊற்ற ஊற்ற வெளியே வரும். உப்புத்தண்ணீரைக் காம்பால் இழுக்க முடியாது. பத்து நாள் தினம் தண்ணீர் மாற்றி ஊறவைத்தேன். வெளியே பூத்த வெள்ளைப் பொடி நின்ற பிறகு வைத்த பூ நாலு நாள் நின்றது. இப்போது பீங்கான் ஜாடி எது வந்தாலும் முதலில் பத்து நாள் ஊறல்தான்.

கல்சட்டியில் காம்பில்லாத பூக்களுக்கு இடம். பட்டன் ரோஸை நெருக்கமாக, தண்ணீருக்குள் முக்காமல் விளிம்போடு அடுக்கினால் கறுப்புக் கல்லும் வெள்ளைப் பூவும் கண்ணுக்கே குளிர்ச்சி. உருளியில் இதழை உதிர்த்து மிதக்கவிடுவதை நான் செய்வதில்லை. ஓட்டல் வாசலுக்கு அது பொருந்தும். வீட்டு ரோஜாவின் இலையும் முள்ளும் வளைவும் அதில் காணாமல் போய்விடுகின்றன.

கோலி சோடா பாட்டில் ஒன்றும் இருக்கிறது. ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1872இல் உரிமம் பெற்ற பாட்டில், மதுரைப் பெட்டிக்கடை வரைக்கும் வந்து சேர்ந்தது. கழுத்தில் கோலி உட்கார்ந்திருப்பதால் ஒற்றை மெல்லிய காம்புக்கு மேல் நுழையாது. ஒற்றைப் பூ போதும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்தப் பாட்டில்தான்.

பாத்திரம் எதுவானாலும் பூவைப் பறிப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. மார்கழி, தை மாதங்கள் நல்ல காலம். ஐப்பசியில் கவாத்து செய்து, வேப்பம் புண்ணாக்கும் மண்புழு உரமும் போட்டால் ஒன்றரை மாதத்தில் பூ வரும். வெயில் ஏறும் முன் பறிக்க வேண்டும். இராத்திரி முழுக்கச் செடி குடித்த தண்ணீர் அப்போது காம்பில் நிறைந்திருக்கும். மாடிக்குப் போகும்போதே ஒரு வாளித் தண்ணீரை எடுத்துப் போங்கள். வெளியிதழ் ஒன்றிரண்டு தளர்ந்த மொட்டு சரியான பதம். இறுக்கமான பச்சை மொட்டை வெட்டினால் அது விரியாமலே கருகும். கூர்மையான கத்தியால் சாய்வாக வெட்டி, வாளியில் கழுத்துவரை முக்கி, இருட்டான மூலையில் ரெண்டு மூன்று மணிநேரம் விட்டுவிடுங்கள். மதுரை வெயிலுக்கு இதைச் செய்யாமல் நேரே பாத்திரத்தில் வைத்தால் மத்தியானத்துக்குள் தலை தொங்கும். தொங்கிவிட்டாலும் கைவிட வேண்டாம், பெரும்பாலும் காம்புக்குள் காற்றுக்குமிழ் அடைத்திருக்கும். காம்பைத் தண்ணீருக்குள் வைத்தபடியே ஒரு விரல் நீளம் வெட்டிவிட்டு, முழுப்பூவையும் தொட்டித் தண்ணீரில் ஒரு மணிநேரம் படுக்கப்போடுங்கள். பல தடவை நிமிர்ந்து வந்திருக்கிறது.

தண்ணீருக்குள் போகிற இலையை எல்லாம் கிள்ளிவிட வேண்டும், அழுகி நாறும். முள்ளை முழுக்கச் சீவாதீர்கள், பட்டை உரிந்து காம்பில் காயமாகும். சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் கலந்தால் பூ நிற்கும் என்பார்கள். கண்ணாடிப் பாத்திரத்தில் கலக்கலாம். பித்தளையிலும் செம்பிலும் புளிப்பு எதுவும் வேண்டாம், உலோகம் கரைந்து தண்ணீரில் இறங்கும். வெறும் தண்ணீரே போதும். செம்பு கலந்த உலோகத்தில் கிருமி அவ்வளவு சீக்கிரம் பெருகாது, கூஜாத் தண்ணீர் கண்ணாடி ஜாடித் தண்ணீரைவிடத் தாமதமாகவே கலங்குவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனாலும் தினம் தண்ணீர் மாற்றியே ஆக வேண்டும், பாத்திரத்தின் உள்சுவரையும் தேய்க்க வேண்டும். டெங்கு கொசு சுத்தமான தண்ணீரில்தான் வரும், முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டவைக்கும். கொட்டி ஊற்றினால் மட்டும் அது போகாது. அப்புறம், வாழைப்பழத் தாரோடு ஒரே மேசையில் வைக்காதீர்கள். பழம் பழுக்கும்போது விடுகிற வாயு இதழை உதிர்த்துவிடும்.

பூக்களை நிறுத்த எல்லோரும் பச்சை நுரைக்கட்டியைச் சொல்வார்கள். அது மக்காத பிளாஸ்டிக், உதிர்ந்து தூளாகி மண்ணோடு போகும். அதை வீட்டுக்குள் விடவே எனக்கு இஷ்டமில்லை. அகன்ற வாய்ப் பாத்திரத்துக்குக் கம்பிவலையைச் சுருட்டி உள்ளே அமுக்கிவிடுகிறேன். கம்பி இல்லாதபோது மருதாணிக் குச்சியை ஒடித்துக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் அதுவும் பிடித்துக்கொள்ளும். வாழைத்தண்டை உயரத்துக்கு நறுக்கி, துளையிட்டுச் செருகுவதும் உண்டு. ஈரம் அதிலேயே இருக்கும், ஒருநாள் விசேஷத்துக்குப் போதும்.

முதலில் இலைக்கொத்து, அப்புறம் கனமான விரிந்த பூ பாத்திரத்தின் வாயை ஒட்டித் தாழ்வாக, மொட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டு. இவ்வளவுதான் என் வழி. பாத்திரத்தைப்போல ஒன்றரை மடங்கு உயரம் இருக்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் வீட்டு ரோஜாவிடம் செல்லாது. வளைந்த காம்பை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். அது எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் விட்டுவிட்டு, பாத்திரத்தைத் திருப்புங்கள்.

பித்தளையைப் புளி போட்டுப் பளபளவென்று தேய்ப்பதா, அப்படியே விடுவதா என்று தோழிகள் கேட்பார்கள். நான் உள்ளே மட்டும் நன்றாகத் தேய்ப்பேன். வெளியே மாதம் ஒருமுறை லேசாக, எழுத்துக் குழிகளில் இருக்கும் கறுப்பு போகாதபடி. அந்தக் கறுப்பில்தான் பெயரைப் படிக்க முடிகிறது.

பன்னீர்ச் செம்பு ஒன்றையும் அம்மா கொடுத்தாள். கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்க வைப்பார்களே, அதுதான். மேல்மூடியைத் திருகி எடுத்துவிட்டால் கீழ்ச்செம்பு சின்னப் பூ ஜாடி அளவுக்கு இருக்கும். அதில் பன்னீர் ரோஜா ஒன்றை வைத்தேன். காலையில் வைத்தது சாயங்காலம் உதிர்ந்துவிட்டது. அந்த ரோஜா அப்படித்தான், ஒருநாள் பூ. ஆனால் வாசனை செம்புக்குள் இறங்கி மறுநாளும் இருந்தது.

போன தை மாதம் அத்தை வந்திருந்தார். அப்பாவின் அக்கா, எண்பதை நெருங்குகிறார். கூடத்தில் நுழைந்ததும் கூஜாவைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அதில் எட்வர்ட் கொத்து ஒன்று. கிட்டே போய் எழுத்தைத் தடவினார். பூவை முகர்ந்தார். அப்புறம் கூஜாவைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார். சுவர்ப் பக்கமாக நான் திருப்பி வைத்திருந்த இடத்தில் ஒரு ஒடுக்கு, முட்டைப் பருமனுக்கு.

"இது நான் போட்டது. ராமேஸ்வரம் ரயில்ல. மானாமதுரையில இறங்கும்போது கை நழுவிருச்சு. காப்பி பூராவும் பிளாட்பாரத்துல. உங்க அப்பத்தா ஒரு வார்த்தை திட்டலை. 'உனக்கு அடி படலையே'ன்னுதான் கேட்டாங்க."

சொல்லிக்கொண்டே ஒடுக்கு வெளியே தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார். பூங்கொத்து இப்போது சுவரைப் பார்த்தது.

"பூவை இந்தப் பக்கம் எடுத்துவிடும்மா," என்றார்.

எடுத்துவிட்டேன். வளைந்த காம்பு ஒன்று சரியாக அந்தக் குழியில் போய்ச் சாய்ந்துகொண்டது.